பிள்ளையாரிடம் வாங்கிய புல்

முயல் வளர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் என்னை யாரும் கேட்கவில்லை.

மகனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொன்னதால் சில மாதங்கள் திருமுல்லைவாயிலில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து தங்கியிருந்தான். தங்கியிருந்தான் என்பது ஒரு பேச்சுக்கு. உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பான். சாப்பாட்டு நேரத்தில் தட்டை எடுக்க வருவான், தட்டோடு உள்ளே போய்விடுவான். ஒரு சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்தவன் கையில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. திறந்தால், உள்ளங்கையில் அடங்குகிற சாம்பல் நிறக் குட்டி. காது மட்டும் வயதுக்கு மீறி வளர்ந்திருந்தது.

அது வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. எல்லோரும் ஆபீசுக்கு நேரில் வரவேண்டும் என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. அங்கே அவன் தங்கப்போகிற விடுதியில் நாய், பூனை, முயல் எதையும் உள்ளே விடமாட்டார்களாம்.

"வேற ரூம் பாக்கற வரைக்கும் இது இங்க இருக்கட்டும்ப்பா" என்றான், அம்மாவைப் பார்த்துக்கொண்டு.

"முயலை வெச்சிகினு இன்னா பண்றது? இது இன்னா காடா?" என்றேன், நானும் அவளையே பார்த்துக்கொண்டு.

எங்கள் வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வது இப்படித்தான். இரண்டு பேரும் அவளிடம் சொல்வோம். அவள் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பதில் வாங்கிக் கொடுப்பாள். அன்றைக்கு அவளுக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும். "நான் அதைத் தொட மாட்டேன். எனக்கு ஒடம்பெல்லாம் கூசும். யாரு பாத்துக்கறதுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணிக்கிங்க" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டு அந்த வருடம்தான் ரிட்டயர் ஆகியிருந்தேன். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி நழுவ முடியாது. பேசி முடிவு பண்ணவும் இல்லை. அவன் பையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பியபோது அட்டைப்பெட்டி என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

எனக்கும் அவனுக்கும் சண்டை எதுவும் கிடையாது. சண்டை இருந்திருந்தாலாவது பேசியிருப்போம். அவன் பத்தாவது படிக்கிறவரை என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வருவான். அப்புறம் எப்போது நின்றது, எதற்காக நின்றது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. பெங்களூரிலிருந்து அம்மாவுக்குத்தான் போன் செய்வான். முடிக்கும்போது "அப்பா எப்படி இருக்கார்" என்று கேட்பான். அவள் என்னைப் பார்ப்பாள். நல்லா இருக்கேன்னு சொல்லு என்று நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டுவேன். வருஷக்கணக்காக நான் இப்படித்தான் நன்றாக இருந்துகொண்டிருந்தேன்.

அவன் ஊருக்குப் போன மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் என் போன் அடித்தது. அவன் பெயர். பையனுக்கு ஏதோ ஆகிவிட்டது, இல்லாவிட்டால் எனக்கு ஏன் போன் செய்யப்போகிறான் என்று எடுத்துக் காதில் வைத்தேன்.

"அப்பா, இது வீடியோ கால். உங்க காதுதான் தெரியுது. போனைக் கீழ வெச்சு அதைக் காட்டுங்க."

போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துத் தரையில் நிறுத்தினேன். குட்டி வந்து திரையை முகர்ந்து பார்த்தது. அந்தப் பக்கம் அவன் ஏதோ கொஞ்சினான். பிறகு என்னிடம் கேள்விகள். தண்ணீர் குடிக்கிறதா, காய்ந்த புல்லைத் தின்கிறதா, அதன் புழுக்கை எப்படி இருக்கிறது. நான் போனுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். புழுக்கையைப் பற்றி அப்பாவும் மகனும் அவ்வளவு நேரம் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போனை வைத்த பிறகு பார்த்தால், மனைவி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள்.

அடுத்த நாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டான். அதற்கடுத்த நாளும். சில நாட்களில் நான் முன்கூட்டியே போனைத் தரையில் சாய்த்து, குட்டியை எதிரே நிறுத்தி, கொத்தமல்லித் தழையோடு தயாராக உட்கார்ந்திருக்க ஆரம்பித்தேன். மணி அடித்ததும் மேலிருந்து பச்சைப் பொத்தானைத் தொட்டுவிடுவேன். அவனுக்கு முயல் தெரியும், என் குரல் கேட்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. வெளிப்படையாகவே சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு பயமும் இருந்தது. இந்த முயல் இருக்கிறவரைதான் இந்த போன் வரும், அதற்கு ஏதாவது ஆனால் நான் பழையபடி பேப்பருக்குப் பின்னால் போய்விட வேண்டியதுதான்.

அதனால் அதை விழுந்து விழுந்து கவனித்தேன். முதலில் அதனால்தான். பிறகு எப்போது அதற்காகவே கவனிக்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. பால் கொடுக்கக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று மகன் சொல்லியிருந்தான். மற்றதெல்லாம் அதுவே சொல்லிக்கொடுத்தது. பிடிக்காவிட்டால் பின்னங்காலால் தரையை ஓங்கி ஒரு தட்டு. குக்கர் விசில் அடித்தால் தட்டும், வெளியே ரயில் ஹாரன் கேட்டால் தட்டும், மனைவி துடைப்பத்தை எடுத்தால் இரண்டு முறை தட்டும். சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே எகிறிக் குதித்து உடம்பை முறுக்கும். இன்டர்நெட் ஒயரைக் கடித்துத் துண்டாக்கியது. டிவி தொடர் பாதியில் நின்றபோது மனைவி அதைப் பார்த்த பார்வையில் நான்தான் நடுங்கினேன், அது நடுங்கவில்லை.

மே மாத வெயிலுக்கு மொட்டைமாடியில் கிடந்த பழைய மண் ஓடு ஒன்றைக் கழுவி, தண்ணீரில் ஊறவைத்து, அதற்குப் படுக்கை போட்டுக் கொடுத்தேன். ஒரு மத்தியானம் அதன்மேல் உட்கார்ந்திருந்த குட்டி பொத்தென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் பாதி மூடி, காலை நீட்டிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆபீஸ் நேரம் என்றுகூடப் பார்க்காமல் மகனுக்கு அடித்து, "விழுந்துட்டுதுடா, மூச்சு மட்டும் கீது" என்றேன்.

"எப்படி விழுந்துச்சு? திடீர்னு சைடுல சாஞ்சுதா?"

"ஆமா."

"அப்பா, அது தூங்குது. ரொம்ப நிம்மதியா இருந்தா அப்படித்தான் படுக்கும். உங்ககிட்ட பயம் போயிடுச்சுன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். வாய்விட்டு, நிறுத்த முடியாமல். அவன் சிரிப்பு மாறிப்போயிருந்தது. பெரிய ஆள் சிரிப்பு. நான் அசடு வழிந்துகொண்டு போனைப் பிடித்திருந்தேன். இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்றிருந்தது.

காய்ந்த புல்லை அவன் கூரியரில் அனுப்பிவிடுவான். ஆனால் குட்டி வளர வளரப் பச்சைக்கு ஏங்கியது. அருகம்புல் கொடுங்கள், வயிற்றுக்கு நல்லது என்றான் மகன். சொல்வது சுலபம். எங்கள் பகுதியில் காலி மனை என்று ஒன்று இருந்தால் அதில் குப்பை இருக்கும், இல்லாவிட்டால் ஜல்லி இருக்கும். கொரட்டூர் ஏரிக்கரை வரைக்கும் வண்டியில் போய்ப் பார்த்தேன். புல் இருந்தது, அதற்குள் ஓடிய தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கடைசியில் சுத்தமான அருகம்புல் நிச்சயமாகக் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் என்று தெரிந்தது. தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் இருக்கிற பூக்கடை.

இதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை. எங்கள் அப்பா காலத்திலிருந்தே அப்படி. கல்யாணம் ஆன நாள் முதல் மனைவி கோயிலுக்குள் போவாள், நான் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பேன். இதை நான் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தேன். பூக்காரம்மாவுக்கும் அது தெரியும். அவள் கடைக்குப் பக்கத்தில்தான் எப்போதும் நிற்பேன்.

"இன்னா ண்ணா, நீ உள்ளயே போமாட்ட. இப்ப அருகம்புல்லு கேக்கற?" என்றாள்.

"முயலுக்கும்மா."

"அது சரி. அவருக்கு எலி, உனக்கு முயலா" என்று சொல்லி ஒரு கட்டு எடுத்து, பழுத்த இலைகளை உதறிவிட்டுக் கொடுத்தாள்.

தினமும் போனேன். காலையில் குளித்துவிட்டுக் கோயில் பக்கம் போய்க் கையில் அருகம்புல்லோடு திரும்புகிற என்னைப் பார்த்து, மாடி வீட்டுக்காரர்கள் ரிட்டயர் ஆனதும் மனுஷன் திருந்திவிட்டார் என்று பேசிக்கொண்டார்களாம். மனைவி அதை வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நான் மறுத்துப் பேசப் போனால் முயலைப் பற்றி விளக்க வேண்டும், அதற்கு இதுவே தேவலை என்று விட்டுவிட்டேன்.

சங்கடஹர சதுர்த்தி வந்தது. அன்றைக்குப் பூக்கடையில் ஒரு புல்கூட மிஞ்சவில்லை, எல்லாம் மாலையாகப் பிள்ளையார் கழுத்துக்குப் போய்விட்டது. குட்டி ஒரு நாள் முழுக்கக் காய்ந்த புல்லை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மறுநாள் காலையில் போனாலும் கடையில் இல்லை.

"சரக்கு இன்னும் வர்ல ண்ணா. உள்ள போய் பூசாரியைக் கேளு. நேத்து சாத்துன மாலையெல்லாம் இப்பதான் கழட்டிகினு கீறாரு. குப்பைக்குத்தான் போவுது."

கோயில் வாசலில் நின்று யோசித்தேன். பூசாரி வெளியே வருவாரா என்று எட்டிப் பார்த்தேன். வரவில்லை. வீட்டில் அது காத்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இத்தனை வருஷம் காத்த கொள்கை ஒரு பிடி புல்லுக்குப் போனது.

"வாங்க சார், உள்ள வாங்க" என்றார் பூசாரி. ஆச்சரியத்தை மறைக்க அவர் பட்ட பாடு தெரிந்தது. விஷயத்தைச் சொன்னதும் இன்னும் சந்தோஷப்பட்டார். "வாயில்லா ஜீவன் சாப்டா அவரு சாப்ட மாதிரி" என்று பிள்ளையார் கழுத்திலிருந்து கழற்றிய மாலைகளை ஒரு பை நிறையத் திணித்தார். போகும்போது திருநீற்றையும் உள்ளங்கையில் போட்டுவிட்டார். அதை என்ன செய்வது என்று தெரியாமல் கையை மூடிக்கொண்டே வீடு வரைக்கும் வந்தேன்.

பிள்ளையார் மாலையில் அருகம்புல் மட்டும் இருக்காது. நடுநடுவே எருக்கம்பூவைச் சேர்த்துக் கட்டுவார்கள். எருக்கு ஆகாது, அதன் பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். எனவே கூடத்தில் பேப்பரை விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மாலையைப் பிரித்து ஒவ்வொரு பூவாகப் பொறுக்கி எறிந்தேன். நாரையும் உருவினேன். புல்லை இரண்டு தண்ணீரில் அலசினேன். இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு பொருளைச் சரி என்று அனுப்பிவிடும்போது வருகிற அந்தப் பழைய திருப்தியோடு தட்டில் வைத்தேன். குட்டி ஓடிவந்து முகத்தை உள்ளே புதைத்துக்கொண்டது.

மத்தியானம் மனைவிதான் முதலில் பார்த்தாள். "இன்னாங்க, அது ஒரு மாதிரியா குந்திகினு கீது."

மூலையில் கூனிப்போய் உட்கார்ந்திருந்தது. கொத்தமல்லியை மூக்கருகே நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. காதைத் தொட்டுப் பார்த்தேன். எப்போதும் சூடாக இருக்கும் காது சில்லென்று இருந்தது. தட்டில் மிச்சமிருந்த புல்லைக் கிளறினேன். நார் முடிச்சில் இறுகி ஒட்டிக்கிடந்த ஒரு கொத்தில், புல்லோடு புல்லாகப் பச்சையாக, பாதி கடித்த ஒரு எருக்கமொக்கு. பூவைத்தான் நான் தேடியிருந்தேன். விரியாத மொக்கு இருக்கும் என்பது தோன்றவே இல்லை.

நான் மொக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அதைத் தொடவே மாட்டேன் என்றவள் குனிந்து குட்டியை வாரி எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "நின்னுகினே இருந்தா? போய் ஆட்டோ புடிங்க" என்றாள்.

அம்பத்தூரில் பறவை, முயலுக்கெல்லாம் பார்க்கிற ஒரு டாக்டரை மகன் முன்பே விசாரித்து வைத்திருந்தான். சி.டி.எச். ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. தெருமுனையில் கோயிலைத் தாண்டியபோதே உள்ளே இருந்த பிள்ளையார்மேல் எனக்குக் கடுங்கோபம் வந்தது. இல்லாத ஒருவர்மேல் எப்படிக் கோபப்படுவது என்று உடனே தோன்றியது. ஆனாலும் கோபம் போகவில்லை. பக்கத்தில் மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

"இன்னா?"

"செதறு தேங்கா ஒடைக்கறேன்னு வேண்டிகினேன். உங்க பேர்ல."

"என் பேர்லயா?"

"நீங்கதான போய் வாங்கினு வந்தீங்க?"

டாக்டர் சின்ன வயதுப் பெண். மொக்கைப் பார்த்தார். குட்டியின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகு நேரம் கேட்டார். "முயலுக்கு வாந்தி எடுக்க வராது சார். உள்ள போனது கீழ போனாத்தான் உண்டு. கொஞ்சமாத்தான் கடிச்சிருக்கு, அதுவரைக்கும் நல்லது" என்றார். தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினார், மருந்து கொடுத்தார். ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த தீனியை எப்படிக் கடைவாயில் விடுவது என்று காட்டினார். "வயித்தைத் தடவிக் குடுத்துகிட்டே இருங்க. குடல் நின்னு போயிருக்கு, அது திரும்ப ஓடணும். புழுக்கை போட்டுச்சுன்னா பொழைச்சுக்கும். நாளைக்குக் காலைல வரைக்கும் பாக்கலாம்." பிறகு, "இது பொண்ணு, தெரியும் இல்லையா?" என்றார்.

தெரியாது. மகன் வைத்த இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாததால் இத்தனை நாளும் நான் அதை டேய் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது டேய் என்று கூப்பிட வாய் வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. முந்தானைக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தேன். என் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது அந்த வயிறு.

வீட்டுக்கு வந்து அதை டவலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வழக்கமான நேரம் நெருங்கியது. "இன்னிக்கு எடுக்காதீங்க. புள்ள அங்க தனியா கீறான், பயந்துடுவான்" என்றாள் மனைவி. போனை ஸ்டூலின்மேல் என் மடிக்கு நேராக அவள்தான் சாய்த்து வைத்திருந்தாள், பழக்கத்தில். அது அடித்தது. நானும் பழக்கத்தில் பொத்தானைத் தொட்டுவிட்டேன்.

"என்னப்பா, டவல்ல சுத்தி வெச்சிருக்கீங்க? என்ன ஆச்சு?"

தூங்குகிறது என்று சொல்லியிருக்கலாம். தூக்கத்தைப் பற்றி அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான், நம்பியிருப்பான். சொல்ல முடியவில்லை. கோயிலுக்குள் போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூவைப் பொறுக்கினேன், மொக்கைப் பார்க்கவில்லை என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. என் மகன் காதுபட நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அவன் "சரிப்பா" என்றான். போன் கட் ஆகிவிட்டது.

அவன் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டமாட்டான், அம்மாவுக்குப் போன் செய்து அப்பா எப்படி இருக்கார் என்று கேட்பான், அவ்வளவுதான். மடியில் குட்டி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. இது செத்துப்போனால் அவன் போய்விடுவான் என்று அழுகிறேனா, இது செத்துப்போகுமே என்று அழுகிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். வயிற்றைத் தடவினேன். என் கை ஓய்ந்தபோது மனைவி வாங்கிக்கொண்டாள்.

விடிந்தபோது குட்டி அவள் மடியில் இருந்தது. டவலை விலக்கிப் பார்த்தவள் என்னைக் கூப்பிடாமல் கையை மட்டும் ஆட்டினாள். டவலில் புழுக்கை. சின்னது, காய்ந்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் புழுக்கைதான். பக்கத்தில் இன்னொன்று. நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். எங்கள் மகன் பிறந்தபோது நர்ஸ் கொண்டுவந்து காட்டினாளே, அப்போதுகூட நாங்கள் இப்படித் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்ததாக நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் அது எழுந்து, காதைச் சிலுப்பி, மனைவியின் வளையலைக் கடித்தது. வேறு நாளாக இருந்தால் அவள் கத்தியிருப்பாள்.

புழுக்கையைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. குட்டி கொத்தமல்லி தின்பதை அனுப்பினேன். அதற்கும் நீலக் கோடுதான் விழுந்தது.

"ஆபீஸ்ல இருப்பான்" என்றாள் மனைவி.

"ஆமா, இருப்பான்" என்றேன்.

அவளுடைய வேண்டுதல் பாக்கி இருந்தது. தேங்காயை என் கையில் கொடுத்துத் தெருமுனைக்கு அனுப்பினாள். எனக்குப் பக்தி எதுவும் வந்துவிடவில்லை. வாக்குக் கொடுத்தது அவள், உடைத்தது நான். ஓங்கி உடைத்தேன். நேற்றைய கோபமும் அதில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. பூசாரியிடம் எருக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் அன்பாகத்தான் கொடுத்தார். பூக்கடையில் சரக்கு வந்திருந்தது. புல்லுக்கட்டைப் பிரித்து ஒவ்வொரு புல்லாக எடுத்துப் பார்த்து நான் வாங்கியதைப் பூக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

சாயங்காலம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனைத் தரையில் சாய்த்து வைக்கலாமா வேண்டாமா என்று இருந்தது. வைத்துவிட்டு, அது அடிக்காமல் போனால் மனைவி முன்னால் மூக்கு உடைபடும். சும்மா சார்ஜ் போடுவது மாதிரிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வழக்கமான நேரம் வந்தது. தாண்டியும் போனது. குட்டி கொஞ்சம் விளையாடிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மனைவி தட்டு வைக்கட்டுமா என்று கேட்டாள். இரு என்றேன்.

அப்போது அடித்தது. அவசர அவசரமாகப் போனைப் பாட்டிலில் சாய்த்து, மேலிருந்து பொத்தானைத் தொட்டேன். அவனுக்கு வெறும் தரைதான் தெரிந்திருக்கும்.

"நல்லா கீதுடா. மூணு தடவை சாப்ட்டுது. இப்ப கட்டிலுக்கு அடியில பூந்துட்டுது, கொத்தமல்லி காட்டினா வந்துடும், இரு" என்று எழுந்தேன்.

"இருக்கட்டும்ப்பா. தூங்கட்டும், விடுங்க."

நான் நின்றேன்.

"நேத்து நீங்க அழுதீங்க" என்றான். "எனக்கு டவல்தான் தெரிஞ்சுது. உங்களைப் பாக்கவும் முடியல, என்ன சொல்றதுன்னும் தெரியல. வெச்சுட்டேன். காலையிலேர்ந்து நீங்க அனுப்பினதையெல்லாம் பாத்துட்டே இருந்தேன், என்ன எழுதறதுன்னு வரல. போனை எடுத்து உங்க பக்கம் திருப்புங்கப்பா."

எடுத்தேன். எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியாமல் கையை நீட்டிப் பிடித்தேன். திரையில் அவன் முகம் பெரிதாகவும், மூலையில் என் முகம் சின்னதாகவும் வந்தது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, தாடி வைத்திருந்தான். அது அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

"மீசையை எப்பப்பா எடுத்தீங்க?" என்றான்.

"நீ ஊருக்குப் போன வாரம்" என்றேன்.